ஏழு வருட ரெகுலேட்டரும் மடிந்துபோன ஒரு வால்வும்

ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்த கையோடு நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்ககிட்ட இருக்கற அதே ரெகுலேட்டரை நானும் வாங்கிடட்டுமா?" ரெகுலேட்டர் என்பது டேங்கில் இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, மூச்சு விடும்படி வாய்க்குத் தரும் கருவி. என்னுடையது சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் கேட்ட நேரம் அப்படி, வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நியாயமாகப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. டேங்கில் மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சாதாரண பிஸ்டன் வகை, 2018-இல் வாங்கியது. புதுச்சேரி, அந்தமானின் ஹேவ்லாக் தீவு என்று 200 டைவுக்கு மேல் ஓடிவிட்டது. தண்ணீருக்குள் ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லை.

ஆத்திரமெல்லாம் சர்வீஸ் மேல்தான். பையைப் பிரித்ததும் எப்போதும்போல, டேங்கில் மாட்டும் முனையின் மூடியான டஸ்ட் கேப்பை இறுக மூடி, மவுத்பீஸைக் கடித்து மெதுவாக உறிஞ்சினேன். காற்றே வரக்கூடாது, உதடு இழுபட்டு அப்படியே நிற்க வேண்டும். எனக்கோ 'ஸ்ஸ்' என்று மெல்லியதாகக் காற்று வந்தது.

வெளிமூச்சு போகும் எக்ஸாஸ்ட் டீ என்ற குழாயை வெந்நீரில் காட்டி, இளகியதும் கழற்றினேன். உள்ளே நாணயத்தளவு சிலிகோன் வால்வு. அதன் விளிம்பு ஓரிடத்தில் நகக்கண் அளவுக்கு மடிந்து கிடந்தது. விரலால் நீவிவிட்டேன். மறுபடி உறிஞ்சியபோது உதடு ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிட வேலை. கவனிக்காமல் இறங்கியிருந்தால் ஒவ்வொரு மூச்சோடும் உப்புத்தண்ணீர் தொண்டைக்கு வந்திருக்கும். பழகியவர் சமாளிப்பார். புதியவர் 18 மீட்டரில் பதறி, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரலே கிழியலாம். அதனால்தான் இவ்வளவு கோபம்.

அதே மெக்கானிக் ஃபர்ஸ்ட் ஸ்டேஜை அருமையாகச் செய்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை புதுச்சேரியில் டேங்கில் மாட்டி, மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று தரும் இன்ஃப்ளேட்டர் ஹோஸில் பிரஷர் கேஜைச் செருகிப் பார்த்தேன். 9.5 பாரில் நின்ற முள் பத்து நிமிடம் அசையவில்லை. உள்ளே காற்றை அடைத்து நிறுத்தும் சீட் தேய்ந்திருந்தால் அது மெல்ல ஏறிக்கொண்டே போகும், கடைசியில் வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜ் தானாகவே சீறும். பச்சை பிடித்திருந்த ஃபில்டரையும் மாற்றியிருந்தார். பச்சை என்றால் உள்ளே உப்புத்தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். டஸ்ட் கேப்பைத் துடைக்காமல் ஈரத்தோடு மூடியது நான்தான், அந்தத் தப்பு அவருடையது இல்லை.

ஆனால் மாற்ற வேண்டிய உதிரிபாகங்கள் கொண்ட சர்வீஸ் கிட் வந்துசேரவே இரண்டு மாதம் ஆனது. தண்ணீர் கண்ணாடிபோல இருந்த வாரங்களெல்லாம் வாடகை ரெகுலேட்டரோடு போய்விட்டன. நண்பரிடம் சொன்னது இதுதான்: எந்த மாடலாக இருந்தாலும் சரி, அதற்கான கிட் உங்கள் ஊரில் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இதை வாங்காதீர்கள்.

"அப்ப உங்களோடதை வித்துடுவீங்களா?" என்றார். மாட்டேன். அடுத்த மாதம் ஹேவ்லாக் போகிறேன், அதைத்தான் எடுத்துப்போகிறேன். படகில் ஏறுமுன் ஒருதடவை உறிஞ்சிப் பார்த்துவிட்டு.