"லிட்டருக்கு ஒரு மூடி போதும்" என்று சொல்லும் கடைகளை நம்பாதீர்கள்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் களை வெட்டுவதற்காக, வேளாண் கருவிகள் விற்கும் ஒரு கடையில் 16,800 ரூபாய் கொடுத்து வாங்கிய டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், மாதம் முடிவதற்குள் பிஸ்டன் இறுகி, கயிற்றை இழுத்தாலும் அசையாத இரும்பாகிவிட்டது.

வாங்கிய அன்று கடை முதலாளியே உட்கார வைத்து டீ வாங்கித் தந்தார்; பெட்ரோலில் கலப்பதற்கென்று பெரிய டின்னிலிருந்து லேபிள் இல்லாத பாட்டிலில் எண்ணெயை ஊற்றிக் கொடுத்து, "இது கம்பெனி ஆயிலுங்க, லிட்டருக்கு ஒரு மூடி போதும், அதிகமா ஊத்துனா பிளக் அடைச்சுக்கும், எதுன்னாலும் நான் இருக்கேனுங்க" என்றார். எண்ணெய் மிகுந்தால் பிளக்கில் கரி பிடிக்கும் என்பது உண்மை என்பதால், அந்த ஓர் உண்மையே மற்றவற்றையும் நம்ப வைத்தது. கையேட்டைக் கேட்டதற்கு, பிறகு அனுப்புவதாகச் சொன்னார்.

இவ்வகை எஞ்சினில் எண்ணெய்க்கென்று தனி அறை கிடையாது. பெட்ரோலில் கலந்து உள்ளே போகும் எண்ணெய்தான் பிஸ்டனையும் கிராங்க் பேரிங்கையும் காக்கிறது. வேறொரு மெக்கானிக்கிடம் இருந்த இதே மாடலின் கையேட்டில் 25:1 (25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய்) என்று, அதாவது லிட்டருக்கு 40 மில்லி என்று அச்சிட்டிருக்கிறது. கடை முதலாளி தந்த பாட்டிலின் மூடியை மருந்து ஊசியால் அளந்தால் 8 மில்லிதான் பிடிக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயில் எந்த எஞ்சின் ஓடும்? மெக்கானிக் கழற்றிக் காட்டியபோது பிஸ்டனைச் சுற்றிலும் மேலும் கீழுமாகக் கீறல் விழுந்திருந்தது. எண்ணெய்ப் பசையே இல்லாமல் ஓடியிருக்கிறது என்றார்.

கடைக்குப் போனால் "முதலாளி கோயமுத்தூர் போயிருக்காருங்க" என்கிறார்கள். தொலைபேசியில் "கம்பெனியில கேட்டுச் சொல்றேன்" என்றவர், அடுத்த முறை "நீங்க கலந்ததுல தப்பு, வாரண்டி வராது" என்றார். அவர் சொன்ன அளவில்தானே கலந்தேன் என்றதும் இணைப்பைத் துண்டித்தார். அதற்குப் பின் எடுக்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிஸ்டன் படங்களைப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. 16,800 ரூபாய்க்கு அவர் தந்தது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத எஸ்டிமேட் சீட்டு. அதை வைத்துக்கொண்டே 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

எப்படிக் கலப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கையேட்டையும் முறையான பில்லையும் வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். மூடிக் கணக்கு வேண்டாம், மில்லி அளவு குறித்த குவளையில் அளந்து ஊற்றுங்கள். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20. முத்திரை உடையாத, ஜாசோ எஃப்டி (JASO FD என்னும் ஜப்பானியத் தர அளவு) என்று அச்சிட்ட 2டி எண்ணெயையே, அதாவது டூ ஸ்ட்ரோக் எண்ணெயையே வாங்குங்கள். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், அதிலுள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். சில்லறை எண்ணெய் எந்தக் கடையில் கொடுத்தாலும் தொடாதீர்கள். 16,800 ரூபாய், தேங்காய் விற்ற பணம்.