இரண்டு வார சேவையா, மாதப் பணமா, ஒருத்தர் சம்பளமா?

தை பிறக்க ஒன்றரை மாதம் இருக்கும்போதே சிங்கப்பூரிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். "அத்தை, ரெண்டு வாரம் லீவு சேர்த்து வச்சிருக்கேன். கம்போடியாவுல மாற்றுத்திறனாளிக் குழந்தைங்க இல்லம் ஒண்ணுல போய் உதவி பண்ணலாம்னு ஒரு கம்பெனி விளம்பரம் போட்டிருக்கு. இல்லன்னா நம்ம ஊர்ப் பக்கமே ஒரு குழந்தைய ஸ்பான்சர் பண்ணிடவா? நீங்கதான் சொல்லணும்."

என்னைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் பிசியோதெரபிஸ்ட். மன்னார்குடியில் தொடங்கி திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வரை ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் மூளை முடக்குவாதக் (செரிப்ரல் பால்சி) குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பது 19 வருஷமாக என் வேலை. டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. கூத்தாநல்லூர்ப் பக்கம் அதுவும் மிகையில்லை. அதனால் இதே கேள்வி வருஷத்துக்கு நாலைந்து முறை என்னிடம் வரும். போனில் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இந்த முறை எழுதியே விடுகிறேன்.

எல்லா வழிகளிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். உதவ வந்தவர் கிளம்பிப் போன மறுநாள் காலையில் அந்தக் குழந்தைக்கு என்ன மிச்சம்? கறாரான கேள்விதான். ஆனால் தசை இறுக்கம் உள்ள குழந்தைக்குப் பயிற்சி என்பது பல் தேய்ப்பதுபோல தினப்படி சமாசாரம். சில மாதம் விட்டுப்போனால் குதிகால் தசைநார் சுருங்கிப் பாதம் தரையில் படியாது. இடுப்பு மூட்டு மெல்ல விலகத் தொடங்கலாம். பேச்சு வராத குழந்தை என்றால் அது முகத்தைச் சுளிப்பது பசிக்கா வலிக்கா என்று புரியவே புதியவருக்குச் சில வாரம் பிடிக்கும். புரிந்துகொண்டவர் போய்விட்டால் அடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் கம்போடியா. அங்கே இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அம்மா அப்பாவில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று யுனிசெஃப் பல வருஷமாகச் சொல்லிவருகிறது. வெளிநாட்டார் வரத்து கூடக்கூட இல்லங்களும் பெருகின. 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல' என்று 2011-ல் ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு அங்கே பிரசாரமே செய்ய வேண்டியிருந்தது. நேபாளத்திலும், பெற்றோர் இருக்கும் குழந்தையைக் காகிதத்தில் அநாதையாக்கி காத்மாண்டு பக்கத்து இல்லங்களில் சேர்த்த கதைகள் வெளிவந்தன.

உடல் ஊனமோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள குழந்தை இந்த வலையில் இன்னும் சுலபமாக விழும். வைத்தியச் செலவு தாங்காத அப்பாவிடம் "எங்களிடம் விடுங்கள், சோறும் தெரபியும் கிடைக்கும்" என்றால் அவர் என்ன செய்வார்? வருகிறவர்களுக்கும் அந்தக் குழந்தையைப் பார்த்தால்தான் பர்ஸ் திறக்கிறது.

இல்லம் நன்றாகவே நடந்தாலும் சிக்கல் தீராது. ருமேனியாவில் 2000-ல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2007-ல் சயன்ஸ் இதழில் வந்தது. குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி கூடியிருந்தது. எவ்வளவு சிறு வயதில் போனார்களோ அவ்வளவுக்கு நல்லது. இந்த நிலையில் இரண்டு வாரத்துக்கு ஒரு புது அண்ணன், புது அக்கா வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போவது குழந்தையிடம் எதைச் சேர்க்கும்?

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம்மிடம் பிறந்தநாள் சாப்பாடு இருக்கிறது. மகாளய அமாவாசையன்று ஒரே இல்லத்துக்கு மூன்று வீட்டு மதியச் சாப்பாடு வரும். மறுவாரம் ரசத்துக்குப் பருப்பு இருக்காது. கேக் வெட்டுவதற்கு முன் குழந்தைகள் எழுந்து நின்று பாட வேண்டும். நிற்க முடியாத குழந்தை போட்டோவில் முன்வரிசை. ஒருமுறை, விழுங்கச் சிரமப்படும் ஒரு சிறுமிக்கு ஒரு பெரியம்மா ஆசை ஆசையாக வடையைப் பிட்டு ஊட்டிவிட்டார். அந்தக் குழந்தை உட்காரும் கோணம் சரியாக இருந்து, குழைத்த சோறாக இருந்தால்தான் உள்ளே இறங்கும். இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியும். நல்லவேளையாக ஆயா பார்த்துவிட்டார். பெரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஊட்டிவிடுவதும் ஒரு தொழில்நுணுக்கம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவர் எல்லாருமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் வெளிநாட்டிலிருந்து மூன்று வாரம் வந்திருந்தார். ஒரு குழந்தையைக்கூட அவர் தூக்கவில்லை. எங்களுக்கும் அம்மாக்களுக்கும் பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, மைதாப் பசை மட்டும் வைத்துக் குழந்தையின் அளவுக்கு நாற்காலி செய்யக் கற்றுக்கொடுத்தார். காய்ந்ததும் பலகைபோல இறுகிவிடும். இன்றுவரை அப்படித்தான் செய்கிறோம். எங்கள் பாட்டிமார் குழந்தையை இடுப்பில் காலை அகட்டி வைத்துத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, "கால் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளும் குழந்தைக்கு இதைவிட நல்ல முறை என்னிடம் இல்லை" என்றார். தொழில் தெரிந்து, இங்கே இருப்பவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறவர் வரட்டும். என் அண்ணன் மகன் கணினி மென்பொருள் எழுதுகிறவன். கம்போடியக் குழந்தைக்கு அவன் என்ன சொல்லிக்கொடுப்பான்? அந்தக் கம்பெனி கேட்ட கட்டணத்தோடு டிக்கெட்டையும் சேர்த்தால் இங்கே ஒரு பிசியோதெரபிஸ்டுக்கு நாலு மாதச் சம்பளம்.

சரி, ஸ்பான்சர். ஒரு குழந்தை, ஒரு போட்டோ, மாதம் ஒரு தொகை. இதைக் கேலி செய்வது ஃபேஷன்; நான் செய்ய மாட்டேன். கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனத்தின் ஸ்பான்சர் திட்டத்தைப் பற்றி வைடிக், க்ளெவ், ரட்லெட்ஜ் மூவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. ஸ்பான்சர் கிடைத்த குழந்தைகள் 1.03 முதல் 1.46 வருஷம் வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். சின்ன விஷயமில்லை. அப்படிப்பட்ட திட்டமே வெளிநாட்டுப் பணத்துக்கான அனுமதிப் பிரச்சினையில் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டுப் போனது என்பது வேறு கதை.

என் தயக்கம் நான் பார்க்கும் குழந்தைகளை வைத்து. ஸ்பான்சர் செய்பவர் வருஷக் கடைசியில் முன்னேற்றம் எதிர்பார்ப்பார், எதிர்பார்ப்பது நியாயமும்கூட. "அடுத்த வருஷம் நடந்துடுவானா?" நடக்க மாட்டான். இந்த வருஷம் அவன் கழுத்து நின்றது, அதுதான் செய்தி. அதைக் கடிதத்தில் எழுதினால் பணம் நின்றுவிடுமோ என்று மையத்தில் பயப்படுவார்கள். பேசவே முடியாத குழந்தையின் பெயரில் "அன்புள்ள மாமாவுக்கு" என்று அலுவலகத்தில் யாரோ எழுதுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், இருவருக்கும் பாதிப்பு. போட்டோவில் சிரித்தவனுக்கு மட்டும் ஸ்பான்சர் கிடைத்தார். காலில் மாட்டும் காலிப்பரும் அவனுக்குத்தான் வந்தது.

18 வயதில் பல திட்டங்கள் கையைக் கழுவிவிடும். பாதிப்புக்குப் பிறந்தநாள் தெரியாதே. "எங்களுக்கு அப்புறம் யாரு?" என்று அம்மாக்கள் கேட்கத் தொடங்குவதே அந்த வயதில்தான். இதையெல்லாம்விட மோசம், ஸ்பான்சர் பணத்துக்காகவே குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் வைப்பது. ஆகவே பணம் அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ராத்திரி அங்கே எத்தனை குழந்தைகள் தூங்குகிறார்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த இடத்தைப் பாருங்கள். நீங்கள் போய் இறங்கியதும் உங்களைக் குழந்தையோடு தனியாக விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற இடமும் வேண்டாம். நடந்ததைச் சொல்ல வாய் வராத குழந்தைகள் அவர்கள்.

வீல்சேர் வாங்கித் தருவதைப் பற்றி இரண்டே வரி. ஐந்து வயதுப் பிள்ளையைப் பெரியவர் நாற்காலியில் உட்காரவைத்தால் முதுகெலும்பு ஒரு பக்கம் சாயும். ஆஸ்பத்திரிச் சக்கரம் வரப்பில் போகாது.

அப்புறம் நான் விரும்பும் வழி: குழந்தைக்குப் பதில் ஒரு வேலையாளை ஸ்பான்சர் செய்வது. ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் பகல்நேர மையத்தில் ஒரு பிசியோ, ஒரு ஸ்பெஷல் டீச்சர், அல்லது வேன் டிரைவரின் சம்பளம், டீசல். குழந்தை காலையில் வரும், சாயங்காலம் அம்மாவிடம் போகும். ஒரு சம்பளம் பல குழந்தைகளுக்குப் பிரியும், இரட்டைப் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து. இதில் போட்டோ வராது, கடிதம் வராது. டிரைவர் சிரிப்பதை யார் ஃப்ரிட்ஜில் ஒட்டுவார்கள்? அதனால்தான் இதற்குப் பணம் கிடைப்பதும் கஷ்டம். இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது: நாலு வருஷம் வேலை கற்ற பிசியோ ஒருநாள் துபாய்க்குப் போய்விடுவார். நானே ஒருமுறை விசா வரை போனவள்தான்.

இடையில் நின்றுபோகும் பணம்தான் எனக்குப் பயம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் உலகமே வந்து இறங்கியது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் சாவு. வந்தவர்கள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. நான் படிப்பு முடித்து வந்தபோது அந்த நிதி வற்றத் தொடங்கியிருந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு மையத்தில் புது தெரபி மேஜைகள் நெகிழித்தாள் பிரிக்காமல் பூட்டிக் கிடந்தன. வேலை பார்க்க ஆளில்லை. ஆகவே ஒரு லட்சத்தை ஒரே முறை தருவதைவிட, அதைப் பிரித்து ஐந்து வருஷம் தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பவரைத்தான் மையங்கள் கும்பிட வேண்டும்.

பாஸ்போர்ட் விஷயத்தில் பலர் இடறுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், சிங்கப்பூரில் பி.ஆர். (நிரந்தரவாசி) ஆக இருந்தாலும், உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூரின் சிவப்புப் பாஸ்போர்ட்டுக்கு மாறிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அதே பணம் வெளிநாட்டு நன்கொடை. வாங்கும் நிறுவனத்துக்கு, வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்க வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பெரிய நிறுவனம் வாங்கிச் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துத் தரவும் முடியாது. நம் பக்கத்துச் சின்ன டிரஸ்டுகள் பலவற்றுக்கு அந்தப் பதிவு கிடையாது. "உன் பாஸ்போர்ட் நீலமா சிவப்பா?" என்றுதான் அண்ணன் மகனிடம் முதலில் கேட்டேன். நீலம்.

சம்பளத்தில் பங்கெடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். ஆனால் லீவு இருக்கிறதே, கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவா? "லேப்டாப்போட வா" என்றேன்.

இங்கே பல வீடுகளில் இல்லாமல் இருப்பது காகிதம். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்ற சான்று இல்லாமல் எதுவும் நகராது. மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடும் பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. தொடர் தெரபிக்கும் அதில் இடம் உண்டு. அப்பா இறந்துபோன வீடுகள் போன்றவற்றுக்கு மிஷன் வாத்சல்யா என்ற அரசுத் திட்டத்தில் மாதம் 4000. நாற்று நடவுக்குப் போகும் அம்மா இதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட வேண்டும். போன பிறகு "பேர்ல ஒரு எழுத்து மாறியிருக்கு, திருத்திட்டு வாங்க" என்பார்கள். மாதம் ஆயிரம் அனுப்பும் ஸ்பான்சரைவிட, இந்த இரண்டாயிரத்தை வாங்கித் தருகிறவர் கொடுத்தது அதிகம். இதற்குத் தெரபி தெரிய வேண்டாம். பொறுமையும் பைக்கும் போதும்.

பொங்கலுக்கு வந்தான். ஏழு வீட்டுக்கு அலைந்தான். இரண்டு நாள் சர்வர் வேலை செய்யவில்லை, அது எதிர்பார்த்ததுதான். ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவனோ கையை முஷ்டியாக இறுக்கி வைத்திருப்பவன். "விரலை விரிக்கச் சொல்லுங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். இழுத்தால் இன்னும் இறுகும். முந்தின நாள் பையனின் பாட்டி குளிப்பாட்டும்போது செய்ததை அண்ணன் மகன் பார்த்திருக்கிறான்: மணிக்கட்டை மெல்ல உள்பக்கமாக மடக்கினால் விரல்கள் தானாக இளகும். அதையே செய்தான். இடது கையில் நாலு விரலும் கண்ணாடியில் படிந்தன. வலது கைக்கு நேரமாகிவிட்டது, வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். இவனுக்குப் புதன்கிழமை ராத்திரி திருச்சியிலிருந்து விமானம். டோக்கன் சீட்டைப் பாட்டியின் சுருக்குப்பையில் வைத்துவிட்டு வந்தான்.