கரண்டா, மாத்திரையா? எழுபதைத் தாண்டியவர்களின் மார்பகப் புற்றுநோய்

அத்தைக்கு வயது 74. இடது மார்பில் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தாயிற்று. அக்குள் நெறியில் பரவவில்லை. ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’, அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தின்று வளரும் ரகம். தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர், “கரண்ட் வைக்கலாம், இல்லன்னா மாத்திரையோட விட்டுடலாம். யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்றார். வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்து, “என்னடா இது, டாக்டரே நம்மைக் கேக்கறார்?” என்றாள்.

நியாயமான திகைப்புதான். ஆனால் டாக்டர் தெரியாமல் கேட்கவில்லை. இந்த ஒரு கட்டத்தில் ஆராய்ச்சிகளே முடிவை நோயாளியின் மடியில் வைத்துவிட்டன.

நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்றால் கதிர்வீச்சு. கட்டியை மட்டும் எடுத்தால் மிச்சமுள்ள மார்புக்குக் கதிர்வீச்சு கொடுப்பது பல்லாண்டு வழக்கம். எழுபது தாண்டியவர்களுக்கும் அது வேண்டுமா என்று அமெரிக்காவில் 1994 முதல் 1999 வரை 636 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் சின்னக் கட்டி, எல்லோருக்கும் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை. பாதிப் பேருக்கு மட்டும் கதிர்வீச்சும் சேர்த்து. பத்தாண்டு கழித்து, கதிர்வீச்சு பெற்றவர்களில் 100-க்கு 98 பேருக்கு அந்த மார்பிலோ அக்குளிலோ நோய் திரும்பவில்லை. மாத்திரை மட்டும் என்றால் 90 பேர். உயிரோடு இருந்தவர்கள்? 67 சதவீதம், 66 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம்.

அதே ஆய்வின் இன்னொரு கணக்கை நான் இரண்டு முறை படித்தேன். பத்தாண்டுக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்ததில், மொத்தம் இறந்த 334 பேரில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 21 பேர்தான். மற்றவர்களைக் கொண்டுபோனது வேறு காரணங்கள். வயதானவரின் சிகிச்சையைப் பேசும்போது கட்டியை மட்டும் பார்த்துப் பேசக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிரிட்டனை மையமாக வைத்து நடந்த ‘பிரைம் 2’ ஆய்வு வயதை 65-க்கு இறக்கியது. கட்டி 3 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். 1326 பெண்கள். 2023-ல் பத்தாண்டு முடிவு வந்தது: மார்பில் நோய் திரும்பியது கதிர்வீச்சோடு 0.9 சதவீதம், இல்லாமல் 9.5 சதவீதம். உயிர்வாழ்ந்தவர்கள் இரண்டு பக்கமும் 81 சதவீதத்தை ஒட்டி.

இதை வைத்து ‘கதிர்வீச்சு வீண்’ என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திரும்ப வந்தால் சாவுதான் என்றில்லை, சரி. ஆனால் எண்பது வயதில் மறுபடி பயாப்சி, மறுபடி மயக்க மருந்து, மறுபடி ஆபரேஷன். நூற்றில் ஒன்பது பேருக்கு அது வரும். அதை ஒரு வாரச் சிரமத்தோடு வைத்து எடைபோட வேண்டும்.

ஆமாம், ஒரு வாரம். தராசைச் சாய்த்தது இதுதான். அந்தப் பழைய அமெரிக்க ஆய்வின் காலத்தில் கதிர்வீச்சு என்றால் ஐந்தாறு வாரம் நடையாய் நடக்க வேண்டும். பிறகு அது மூன்று வாரமானது. 2020-ல் வெளிவந்த பிரிட்டனின் ‘ஃபாஸ்ட் ஃபார்வர்டு’ ஆய்வு, மூன்று வாரத்தில் 15 தடவை கொடுப்பதற்குப் பதிலாக ஒரே வாரத்தில் 5 தடவை கொடுத்தாலும் ஐந்தாண்டுக் கணக்கில் நோய்க் கட்டுப்பாடு குறையவில்லை என்று காட்டியது. கிராமத்திலிருந்து வந்து நகரத்தில் ரூம் எடுத்துத் தங்கும் குடும்பத்துக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வலி இருக்காது. ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து அசையாமல் படுக்க வேண்டும். அத்தைக்குத் தோள்பட்டை இறுக்கம். கொடியில் புடவை உலர்த்தவே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவாள். இடது மார்பு என்றால் கதிர் இதயத்தில் படாமலிருக்க, மூச்சை ஆழ இழுத்துப் பிடிக்கவும் சொல்வார்கள். இதையெல்லாம் முதல் நாளே ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

மாத்திரை சுலபம் என்று நினைப்போம். தினம் ஒன்று, தண்ணீரோடு, அவ்வளவுதானே? ஐந்து வருஷம். லெட்ரோசோல் வகை என்றால் பலருக்குக் காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, முட்டி பிடிக்கும், எலும்பு தேயும். விழுந்தால் இடுப்பு உடையும் வயதில் கடைசி விஷயம் சின்ன விஷயமல்ல. டாமாக்சிஃபென் எலும்பைக் கெடுக்காது. ஆனால் காலில் ரத்தம் உறையலாம், கர்ப்பப்பைப் புற்றுநோய் அபாயம் கொஞ்சம் கூடும். பாதியில் நிறுத்துபவர்கள் நிறையப் பேர், அதையும் டாக்டரிடம் சொல்லாமல். கதிர்வீச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாத்திரையையும் விட்டால், இரண்டு பாதுகாப்பும் போய்விட்டது. இதைத்தான் நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன்.

அப்புறம் மூன்றாவது வழி ஒன்று: கதிர்வீச்சு மட்டும், மாத்திரையே இல்லாமல். இத்தாலியிலிருந்து நடத்தப்படும் ‘யூரோப்பா’ ஆய்வு எழுபது வயதைக் கடந்த பெண்களிடம் கதிர்வீச்சு மட்டும், மாத்திரை மட்டும் என்ற இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது. இரண்டாண்டு இடைக்கால முடிவில், வாழ்க்கைத் தரம் கதிர்வீச்சுப் பக்கம் குறைவாகவே சரிந்தது, மாத்திரைப் பக்கம் கூடுதலாக. ஆனால் அது இடைக்கால முடிவு, சேர்ந்தவர்களும் சில நூறு பேர்தான். மறுபக்க மார்பையும் உடம்பின் மற்ற இடங்களையும் காப்பது மாத்திரைதான். கதிர்வீச்சுக்கு அந்த வேலை தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இவ்வளவும் சின்னக் கட்டி, நெறியில் பரவாதது, ஹார்மோன் ரகம், கட்டியைச் சுற்றிய ஓரம் சுத்தமாக எடுக்கப்பட்டது என்ற நிலைக்கு மட்டுமே. நம் ஊரில் பாட்டிமார் கட்டியை வெளியே சொல்வதற்குள் அது எலுமிச்சை அளவாகிவிடுகிறது. அவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது.

இன்னொன்று, 74 என்பது எல்லோருக்கும் ஒரே 74 அல்ல. நடை, ஞாபகம், எடை குறைவு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், போன வருஷம் எத்தனை தடவை விழுந்தார் என்று உட்கார்ந்து கேட்பதை முதியோர் மதிப்பீடு என்கிறார்கள். 2021-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, எழுபது வயதுக்கு மேற்பட்ட, நோய் முற்றிய 718 பேருக்கு இதைச் செய்து, ஏறத்தாழப் பாதிப் பேரின் முடிவை மட்டும் டாக்டரிடம் கொடுத்தது. கீமோ போன்ற மருந்துகளின் கடும் பக்கவிளைவு, முடிவு கொடுக்காத பக்கம் 71 சதவீதம், கொடுத்த பக்கம் 51; ஆயுள் குறையவில்லை. அது வேறு சிகிச்சைதான். ஆனால் கேள்விகள் இங்கேயும் அதேதான்.

தனியாக நடமாடுகிறார், இன்னும் பத்து வருஷம் இருப்பார் என்று தோன்றுகிறதா, மாத்திரையோடு ஒத்துப்போவாரா என்பது சந்தேகமா? ஐந்து நாள் கதிர்வீச்சைத்தான் நான் சொல்வேன். இதயமோ நுரையீரலோ பலவீனம், படுக்கையில் பாதி நாள் என்றால் மாத்திரை மட்டும் போதும்.

அத்தை கேட்டது ஒரே கேள்வி: “அஞ்சு நாளா, அஞ்சு வருஷமா?” ஐந்து நாளை எடுத்துக்கொண்டாள். தோளுக்கு முன்னதாக ஒரு வாரம் பிசியோதெரபி. மாத்திரையும் உண்டு என்று டாக்டர் சொன்னபோது முகம் சுருங்கியது. ஆறு மாதம் பார்ப்போம், விரல் மடங்காவிட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றலாம் என்ற பேச்சில் முடிந்தது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் அடுத்த செவ்வாய்.