காற்றுச் சிலிண்டரா, பம்ப் லீவரா: கடலோர ஊரில் ஒரு மேட்ச் பிஸ்டல்

என் பழைய மேட்ச் பிஸ்டலை, அதாவது போட்டியில் சுடும் ஏர் பிஸ்டலை, விற்க நினைத்தபோது மதுரையிலிருந்து ஒரு தம்பி போனில் பேசினார். அவருடைய முதல் கேள்வியே, "அண்ணே, சிலிண்டர்ல என்ன தேதி போட்டிருக்கு?" எடுத்துப் பார்த்துச் சொன்னேன். ஏழரை வருடம் ஓடியிருந்தது. புது சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டுதான் அவர் தொகை சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம். காற்றுச் சிலிண்டருக்கு அதிகபட்சம் பத்து வருடம்தான் ஆயுள் என்பது சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதி. தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுகிறவரின் பொறுப்பு.

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் நான் இரண்டு வகையையும் வைத்துப் பார்த்தவன். சிலிண்டரில் அடைத்து வைத்த காற்றால் சுடும் பிஸ்டல் நாலரை வருடம், அதற்கப்புறம் மூன்று வருடமாக ஒவ்வொரு குண்டுக்கும் கையால் லீவரை மடக்கிக் காற்றை அமுக்கும் பம்ப் லீவர் பிஸ்டல். இப்போது கையில் இருப்பது லீவர்தான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோட்டா பிஸ்டலைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கார் ஷெட்டில் உட்கார்ந்து சுட்ட கூடுகளை மறுபடி நிரப்புவான். மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பழைய பிரைமரைத் தட்டி எடுத்துப் புதியதை வைத்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்திவிடுவான். "நீயும் ஆரம்பிடே, செலவு பாதியாகும்" என்பான். இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். ஏர் பிஸ்டலுக்கு அந்தத் தலைவலி இல்லை. 4.5 மில்லிமீட்டர் துளைக்கு மேலும் 20 ஜூல் ஆற்றலுக்கு மேலும் போகாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. மேட்ச் பிஸ்டலின் துளை அதே 4.5 மில்லிமீட்டர்தான், ஆற்றலோ அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. அரை கிராம் ஈயக் குண்டு, நொடிக்கு 150 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் ஐந்தரை ஜூலுக்குச் சற்று மேல். இதையெல்லாம் எங்கள் தெருப் பெரியவரிடம் விளக்கி முடித்த பிறகும் அவர் கேட்டது, "எடே, அத வச்சு தேரூர் குளத்துல கொக்கு சுடப் போறியோ?" தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் ராம்சார் பட்டியலில், அதாவது பாதுகாக்க வேண்டிய ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலில், இருக்கின்றன. அங்கே பறவை மேல் கை வைத்தால் வனத்துறை வீடு தேடி வரும்.

கார்பன் டை ஆக்ஸைடு பிஸ்டலை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அந்த வாயு 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாக நிற்காது, அழுத்தம் எகிறும். 20 டிகிரியில் 57 பார் இருப்பது 30 டிகிரியில் 72 பாராகிவிடும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). குளிர்ப்பிரதேசத்தில் சரி. நாகர்கோவிலில் மார்ச் மாதத்து மதியம் ஓட்டுக் கூரை ஷெட்டுக்குள் காலையில் சரிசெய்த சைட், அதாவது குறி பார்க்கும் அமைப்பு, மாலைவரை நிற்காது.

மிச்சமிருப்பது இரண்டு. சிலிண்டர் பிஸ்டலின் பெருமையைச் சுருக்கமாகச் சொல்லலாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். 200 பார் வரை காற்று அடைத்த சிறிய சிலிண்டர் குழலுக்குக் கீழே இருக்கும். உள்ளே ஒரு ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றை அளந்து கொடுக்கும். குண்டை வைத்து, மூடி, சுட வேண்டியதுதான். இடது கைக்கு வேலையே இல்லை. ஒரு முறை நிரப்பினால் 150 முதல் 200 குண்டு வரை வரும். ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று நல்ல கம்பெனிகளின் இன்றைய மேட்ச் மாடல்கள் எல்லாமே இந்த வகை. விலை லட்சத்தைத் தாண்டும். ட்ரிகரை இழுக்கும் எடை இரண்டு வகையிலும் 500 கிராமுக்குக் குறையக்கூடாது, மொத்த எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது. அதில் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் காற்றில் இருக்கிறது. அந்த 200 பார் காற்றை எங்கே போய் நிரப்புவது?

பெரிய ஊரில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பயிற்சி செய்பவருக்கு இந்தக் கேள்வியே வராது. மூலையில் கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஸ்கூபா சிலிண்டர் நிற்கும். நான் இருப்பது சுசீந்திரம் பக்கம். பயிற்சி, வீட்டுப் பின்புறம் பத்து மீட்டர் நீளத்துக்குப் போட்ட ஷெட்டில். சைக்கிள் கடைக் காற்றும் டயர் கடைக் காற்றும் அந்த அழுத்தத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஸ்கூபா சிலிண்டர் ஒன்று வாங்கி, முக்குளிப்பவர்களுக்குக் காற்று அடைத்துத் தரும் இடத்தில் நிரப்பலாம் என்றால், எனக்குப் பக்கம் திருவனந்தபுரத்துக் கோவளம்தான். போகவே எழுபது கிலோமீட்டர். களியக்காவிளை நெரிசலையும் சேர்த்தால் ஒரு நாள் போய்விடும். இரண்டு தடவை போனேன், மூன்றாவது தடவைக்கு மனசு வரவில்லை.

ஆகவே கைப்பம்ப் வாங்கினேன். மூன்று நிலை பம்ப், காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் அடிப்பது. பாதி காலியான சிலிண்டரை நிறைக்க அறுபது எழுபது அடி. அது உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன். அடித்த காற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழை இல்லாத நாளிலும் கடல் காற்று. ஒரு கன மீட்டர் காற்றில் இருபது கிராமுக்கு மேல் நீராவி இருப்பது இங்கே சாதாரணம். சிலிண்டர் 100 மில்லி கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். 200 பாரில் அதற்குள் போவது வெளியிலிருந்து எடுத்த இருபது லிட்டர் காற்று. அதோடு கூடவே கிட்டத்தட்ட அரை கிராம் தண்ணீர். அவ்வளவு அழுத்தத்தில் நீராவி ஆவியாக நிற்காது, துளியாகிவிடும். கொஞ்சம் பம்பிலேயே தங்கும், கொஞ்சத்தை சிலிகா ஜெல் ஃபில்டர் பிடிக்கும், மிச்சம் சிலிண்டருக்குள் போகும். ஃபில்டரின் நீல மணிகள் ஐப்பசியில் நாலே நாளில் நிறம் மாறிவிடும். அவற்றைச் சட்டியில் வறுத்து மறுபடி போடுவேன். வீட்டில் என்ன பேச்சு கேட்டிருப்பேன் என்பது உங்கள் ஊகத்துக்கு.

மூன்றாவது வருடம் ஒரு மாநில அளவுப் போட்டியில் மூன்றாவது சீரிஸின் (பத்துக் குண்டு ஒரு சீரிஸ்) நடுவே குண்டுகள் ஆறு மணிப் பக்கம், அதாவது டார்கெட்டின் கீழ்ப்பக்கம், இறங்க ஆரம்பித்தன. ஒன்பது, எட்டு, அப்புறம் ஒரு ஏழு. கை தளர்ந்துவிட்டது என்று நினைத்து சைட்டைத் திருகித் திருகி இன்னும் கெடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சிலிண்டரைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்து, காற்றை மெதுவாக வெளியேற்றினேன். வெள்ளையாகப் புகை மாதிரி வந்தது. கீழே விரித்திருந்த செய்தித்தாள் நனைந்திருந்தது. ரெகுலேட்டருக்குள் ஸ்பிரிங் வாஷர்களில் துரு ஏறியிருந்தது. அதைத் திறந்து பார்க்க எனக்குத் தெரிந்தவரை நம் மாவட்டத்தில் ஆள் இல்லை. வெளியூருக்கு அனுப்பினேன், திரும்பி வர ஏழு வாரம். வந்த பிறகும் வேகம் முன்போல நிற்கவில்லை. குற்றம் பிஸ்டலின் மேல் இல்லை. ஈரக் காற்றை அடைத்தது நான்.

ஒன்று சொல்லியாக வேண்டும்: முக்குளிப்புக் கடையின் காற்று மனிதர் சுவாசிப்பதற்கானது, நன்றாக உலர்த்தித்தான் அடைப்பார்கள். அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நல்ல ஃபில்டரோடு மின்சாரக் கம்ப்ரெஸர் வைத்திருப்பவருக்கும் அப்படித்தான். நான் அதில் பணம் போடவில்லை.

அந்த ஏழு வார இடைவெளியில்தான் ஒரு சீனியர் தன் பழைய லீவர் பிஸ்டலைக் கையில் கொடுத்தார். ரஷ்யாவின் இஷ் 46எம், ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 103 எல்லாம் இந்த வகை. ஒவ்வொரு குண்டுக்கும் லீவரை முழுதாக விரித்து மடக்க வேண்டும். அந்த ஒரே மடக்கில் அறைக்குள் காற்று அமுங்கும். சுட்டதும் அத்தனையும் வெளியே போய்விடும். ஈரம் வந்தாலும் குண்டோடு கிளம்பிவிடுகிறது, சேர்த்து வைக்க இடமில்லை. சிலிண்டர் இல்லை, தேதி இல்லை, ரெகுலேட்டர் இல்லை. மதுரைத் தம்பி மாதிரி யாராவது பேசினால் நான் பதில் சொல்ல வேண்டியது காற்று கசியாமல் அடைக்கும் பம்ப் சீலைப் பற்றி மட்டும்தான்.

அந்த சீலுக்கும் சில வழக்கங்கள் உண்டு. வாரத்துக்கு ஒரு முறை ஒரு துளி சிலிகான் எண்ணெய். சில நாள் சும்மா இருந்திருந்தால், முதலில் லீவரைப் பாதி பாதியாக நாலைந்து தடவை மெதுவாக அசைத்து சீலை இளக்கிக்கொள்வது. காற்றை அடைத்துவிட்டுச் சுடாமல் நெடுநேரம் வைக்காமல் இருப்பது. எங்கள் மாமா ஒருவர், "தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டா போதுமே" என்றார். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. பிஸ்டலில் விட்டால் நாளடைவில் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். சாதாரண மெஷின் ஆயிலும் கூடாது. அமுங்கும் காற்றின் சூட்டில் அது பற்றிக்கொள்ளலாம். சிலிண்டர் பிஸ்டலுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

துரு இரண்டுக்கும் பொது எதிரி. ஸ்பஞ்ச் வைத்த பெட்டியில் பூட்டி வைப்பதுதான் பெரிய தப்பு, ஸ்பஞ்ச் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்ததும் கை வியர்வை பட்ட இரும்பை லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் திறந்த அலமாரியில் வைக்கிறேன். ஈயக் குண்டு டப்பாவையும் இறுக்கி மூட வேண்டும், இல்லையென்றால் ஈயத்தில் வெள்ளைப் பொடி பூக்கும்.

லீவரின் குறையையும் மறைக்கக் கூடாது. போட்டி 60 குண்டு. முன்னால் சரிபார்ப்புக் குண்டுகளையும் சேர்த்தால் எண்பது தடவை லீவரை மடக்க வேண்டும். போட்டிக் குண்டுகளுக்கு 75 நிமிடம், சரிபார்ப்புக்குத் தனியாக 15. நேரம் போதும், தோள்தான் போதாது. முதல் மாதம் இடது தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் தூங்கினேன். அதைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியில் பிடி மாறுவது. மேட்ச் கைப்பிடி உள்ளங்கையின் அச்சு மாதிரி. அதிலிருந்து கை நெகிழ்ந்து மறுபடி பிடிக்கும்போது ஒரு நூலிழை பிசகினாலும், 11.5 மில்லிமீட்டர் அகலமே உள்ள பத்தாம் வளையம் தப்பிவிடும். நான் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துக் கைப்பிடியை என் கைக்கு இழைத்து வாங்கிய பிறகுதான் கொஞ்சம் தேறியது. மடக்கும்போது குழல் டார்கெட் பக்கமே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் ரேஞ்ச் அதிகாரி சத்தம் போடுவார், போட வேண்டும்.

சீல் முழுதாகத் தேய்ந்து மாற்றிய அனுபவம் எனக்கு இன்னும் வரவில்லை. உதிரி சீல் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். லீவர் பிஸ்டல் வாங்க நினைப்பவர் பெரும்பாலும் பழையதைத்தான் தேட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை, தேசிய அளவு கனவு என்றால் நான் லீவரைச் சொல்லவே மாட்டேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் 221.7 புள்ளியோடு வெண்கலம் வாங்கிய இறுதிச் சுற்றில், ஒற்றை ஒற்றையாகச் சுடும் கட்டத்தில் ஒரு குண்டுக்கு 50 வினாடிதான். அதற்குள் லீவரை மடக்கி, பிடி சரிசெய்து, மூச்சு அடங்கிக் குறி வைப்பது முடிகிற காரியம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை காற்று எங்கே நிரப்பும் என்பதை முடிவு செய்துவிட்டு அப்புறம் பிஸ்டலை வாங்குங்கள். இதே மனு பாக்கர் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகிப் பல நிமிடம் இழந்து, 600க்கு 575 புள்ளியோடு 12ஆம் இடத்தில் நின்றவர். அவர் பக்கத்தில் பழுது பார்க்க ஆள் இருந்தார்கள். நம் பிள்ளைக்கு ஏழு வாரம்.

மதுரைத் தம்பி அந்த பிஸ்டலை வாங்கிக்கொண்டார். புது சிலிண்டர், ரெகுலேட்டருக்குப் புது வாஷர்கள், அவர் பயிற்சி செய்யும் ரேஞ்சில் உலர்ந்த காற்று. போன மாதம் அதில் 561 அடித்ததாக டார்கெட் படம் அனுப்பியிருந்தார். நான் லீவரோடு 540ஐச் சுற்றியே கிடக்கிறேன். லீவர்தான் காரணம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.