கையில் கட்டிய ஆலைச் சங்கு: கேசியோ எஃப்-91டபிள்யூ, ஒன்பது மாதம் கட்டிய பிறகு

அப்பா சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர். சங்கு ஊதினால் மிஷினை அடுத்த ஆளிடம் விட்டுவிட்டு சைக்கிளை எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த நாள் எங்களுடையது. நான் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புரொடக்‌ஷன் சப்போர்ட் இன்ஜினியர், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் சிக்கல் வந்தால் சரிசெய்பவள். பதினொரு வருஷத்தில் எனக்கு எந்தச் சங்கும் ஊதியதில்லை. கோடையில் ராத்திரி ஏழரைக்கு இருக்கும் நியூயார்க் ஆபீஸுடனான கால், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்ததும் எட்டரைக்குப் போய்விடும். மகள் சாப்பிட்டுத் தூங்கப்போகும் நேரம் அது.

போன ஆடியில்தான் இந்த கேசியோ டிஜிட்டல் வாட்ச்சை வாங்கினேன். அதுவரை மணி பார்க்கப் போனைத்தான் எடுப்பேன். எடுத்த கையோடு ஆபீஸ் செயலியில் சிவப்புப் புள்ளி தெரியும். ஒருவருக்குப் பதில் போட்டு, இன்னொருவர் கேட்டதைப் பார்த்து, போனைக் கீழே வைக்கும்போது இருபது நிமிஷம் போயிருக்கும். மணி என்ன என்று திரும்பவும் பார்க்க வேண்டியிருக்கும். நடுவில் கொஞ்ச நாள் ஸ்மார்ட்வாட்ச் கட்டினேன். பையில் இருந்த ஆபீஸ் மணிக்கட்டுக்கே வந்துவிட்டது.

இது 1989-ல் வந்த மாடல். எடை 21 கிராம்தான், கட்டியிருப்பதே மறந்துவிடும். மூன்று பொத்தான், சிஆர்2016 என்ற ஒரு வட்டப் பேட்டரி. அது ஏறக்குறைய ஏழு வருஷம் வரும் என்கிறது கம்பெனி. தினம் ராத்திரி சார்ஜில் போட வேண்டிய பொருள்களில் ஒன்று குறைந்ததே எனக்கு நிம்மதி.

ஆனால் நான் இதைச் சிபாரிசு செய்வது மணிக்கொரு தடவை வரும் அந்தச் சின்னச் சத்தத்துக்காக. 'பிப்-பிப்', அவ்வளவுதான். பக்கத்து சீட்டுக்கு எட்டுவதே சந்தேகம். கேட்டதும், போன ஒரு மணி நேரம் எதில் கழிந்தது என்று சட்டைப்பை நோட்டில் ஒரு வரி எழுதுவேன். நாலு வாரம் விடாமல் எழுதினேன். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்குச் சராசரி 58 மணி நேரம். அதில் 13 மணி நேரம் நான் வாயே திறக்காத கால்கள்.

முன்பெல்லாம் "வேலை தாங்கலைங்க" என்று மேனேஜரிடம் போனால் "எல்லாருக்கும் அப்படித்தான்" என்பார். இந்தத் தடவை அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். இப்போது ராத்திரி கால் எனக்குச் செவ்வாய், வியாழன் மட்டும். மற்ற நாள்களில் டீமில் இன்னொருவர் உட்காருகிறார், குறிப்பு எழுதி வைக்கிறார். அழுதிருந்தாலும் இது நடந்திருக்காது, கணக்கு காட்டியதால் நடந்தது. எந்நேரம் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டிய ஆன்-கால் வாரத்தில் மட்டும் பழைய கதைதான். அதற்கு இன்னும் இரண்டு ஆள் எடுக்க வேண்டும், வாட்ச் என்ன செய்யும்?

ஆறு மணிச் சத்தத்துக்கு லேப்டாப்பை மூடுவது எனக்கு உடனே வரவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களில் அப்பாதான், "அம்மிணி, சங்கு ஊதிருச்சில்லோ, இன்னும் என்ன பண்றே?" என்று வாசலில் நின்று கேட்பார். மூன்றாவது மாதம் அவர் கேட்பதற்கு முன்பே எழுந்துவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரத்துக்கு மேல் அளக்காது, மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியிடும் பெரிய ரிலீஸ் வேலைக்குப் பத்தாது. அலாரம் ஒன்றே ஒன்று, 20 நொடி அடித்து ஓய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள் என்றே கணக்கு, 2028-ல் தேதியைக் கையால்தான் திருத்த வேண்டும். விளக்கு திரையின் இடது ஓரத்தில் மட்டும் பச்சையாக எரியும், இருட்டில் வலது பக்க எண்களைக் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: போலி நிறைய. கடையிலேயே கீழ் வலது பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடியுங்கள், திரையில் கம்பெனி பெயர் வர வேண்டும். வராவிட்டால் எடுக்காதீர்கள். எனக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆனது. மணிச் சத்தம் வேண்டும் என்றால் அலாரம் திரைக்குப் போய் அதே பொத்தானைத் தட்டுங்கள், சின்ன மணிக் குறி மேலே தெரியும்.

எங்கள் வீட்டில் அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். ராத்திரி ஒன்பது மணிச் சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்து இழுத்து அந்தச் சத்தத்தை நிறுத்தி வைத்துவிடுகிறாள். காலையில் பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன் மறுபடி போட்டுவிட்டுப் போகிறாள்.