மூடியில் டிஜிட்டல் டிஸ்ப்ளே வைத்த ஐஸ் பெட்டி: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் டிஸ்ப்ளே இல்லாத மாடலை வாங்குங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம், மற்றவர்களுக்குக் காரணம் சொல்கிறேன்.

25 லிட்டர் பெட்டி. வெளியே கெட்டி பிளாஸ்டிக், சுவருக்குள் பாலியூரித்தேன் ஃபோம், மூடியைச் சுற்றி ரப்பர் கேஸ்கட், அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை, அதற்கொரு திருகு மூடி. காசிமேட்டில் மீன் வாங்கி வேலூருக்குக் கொண்டுபோக வாங்கினேன். இதுவரை தெர்மாகோல் பெட்டிதான், அது ஓரம் உடைந்து கார் முழுக்க வெள்ளை உருண்டையாகக் கொட்டும். அந்தத் தொல்லை போனதே பெரிய விஷயம்.

இப்போது, உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும் அந்த டிஸ்ப்ளே. சென்சார் மூடியின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் தங்கும், அதனால் மீன் ஐஸுக்குள் ஜம்மென்று கிடக்கும்போதே மேலே 8, 9 டிகிரி காட்டுகிறது. ஒருமுறை திறந்து மூடினால் போச்சு, 15-க்கு ஏறிவிடும். மாமனார் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, ஒம்போது காட்டுதே, மீன் தேறுமா?" என்று கேட்டார். சமையலறைத் தெர்மாமீட்டரின் கம்பியை நொறுங்கிய ஐஸும் தண்ணீரும் சேர்ந்த குழம்பலில் செருகிக் காட்டினேன்: 0.3. மீனை ஒட்டிச் செருகினாலும் கிட்டத்தட்ட அதேதான்.

சரி, சென்சாரைச் சரியான இடத்தில் வைத்திருந்தால் பயன்பட்டிருக்குமா என்றால், அதுவும் பெரிதாக இல்லை. பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதன் வேலை இது. ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் வரை உள்ளே வரும் வெப்பமெல்லாம் உருக்குவதற்கே செலவாகிறது, வெப்பநிலை ஏறுவதில்லை. பெட்டி நிறைய ஐஸ் இருந்தாலும் 0, அடியில் இரண்டு கைப்பிடி மட்டும் மிஞ்சியிருந்தாலும் 0. கடைசித் துண்டு கரைந்த பிறகுதான் ஒன்று, இரண்டு என்று ஏறத் தொடங்கும், அப்போது தெரிந்து என்ன செய்ய? டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று ஸ்பீடோமீட்டரில் தேடுவது மாதிரிதான் இது. மூடியைத் தூக்கி ஐஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதுதான் சரியான மீட்டர்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 1 கிலோ ஐஸ் முழுக்க உருக 334 கிலோஜூல் வேண்டும். அந்த வெப்பத்தை அதே 1 கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் 0-விலிருந்து 80 டிகிரிக்குப் போய்விடும். அதனால்தான் ஐஸ் இவ்வளவு நேரம் தாங்குகிறது. ஃப்ரீசரில் மைனஸ் 18-இல் உறைந்த கட்டி என்றால் 0-வுக்கு வருவதற்கு இன்னொரு 38 கிலோஜூல் கூடுதலாக வாங்கும், அவ்வளவுதான். சந்தையில் சொட்டச் சொட்டக் கொடுக்கும் ஐஸை மட்டமாக நினைக்க வேண்டாம், எடை சரியாக இருந்தால் போதும். 30 டிகிரியில் இருக்கும் 5 கிலோ மீனை 0-வுக்கு இறக்கவே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஐஸ் போய்விடும், அதற்குப் பிறகுதான் பெட்டியின் திறமையே தொடங்குகிறது. "24 மணி நேரம் தாங்கும்" என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் எத்தனை கிலோ ஐஸ், வெளியே என்ன வெயில் என்று போடுவதில்லை. மீனுக்குச் சமமான எடை ஐஸ் என்பது மீன்காரர்கள் வழக்கம், நானும் அப்படித்தான் போடுகிறேன். மே மாத வெயிலில் காலையில் அடைத்தது மாலை வரை பாதிக்கு மேல் நின்றது. ஃபோமுக்கும் கேஸ்கட்டுக்கும் முழு மார்க்.

இலவசமாகக் கொடுக்கும் ஜெல் பாக்கெட்டுகளை நம்பி ஐஸைக் குறைக்காதீர்கள். சாதாரண ஜெல் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் கெட்டியாக்கிய தண்ணீர்தான், அதுவும் 0-வை ஒட்டித்தான் உருகும், எடைக்கு எடை ஐஸைவிட மேல் இல்லை. ஒழுகாது என்பது ஒன்றுதான் லாபம். இன்சுலின் கொண்டுபோகிறவர்கள் கவனம், உறைந்த பாக்கெட்டை மருந்தோடு ஒட்டி வைக்கக் கூடாது, இன்சுலின் உறைந்தால் வீண்.

கூட வந்த துண்டுச்சீட்டில் "நீண்ட நேரம் தாங்க உப்புச் சேர்க்கவும்" என்று ஒரு யோசனை போட்டிருக்கிறார்கள் பாருங்கள், யார் எழுதினார்களோ! உப்புப் போட்டால் குளிர் கூடும், நிறையப் போட்டால் மைனஸ் 21 வரை கூடப் போகும், குல்ஃபிக்காரர் செய்வது அதைத்தான். ஆனால் உள்ளே எவ்வளவு குளிரோ அவ்வளவு வேகமாக வெளி வெப்பம் நுழையும், ஐஸ் சீக்கிரம் தீரும். மீனும் அரைகுறையாக உறைந்து சதை கெடும்.

குறைகள்: பூட்டும் கொக்கி மெல்லிசு, ரொம்ப நாள் வராது. அடி ஓட்டையின் திருகு மூடிக்கு வாஷரே இல்லை, கார் சீட்டில் மீன் தண்ணீர் கசிந்தது. ஹார்டுவேர் கடையில் ஒரு ரப்பர் வாஷர் வாங்கிப் போட்ட பிறகு சொட்டுக்கூட வரவில்லை, முதல் நாளே போட்டுவிடுங்கள். மீன் வைத்தால் ரத்தத் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும், கூல்டிரிங்ஸ் பாட்டில் மட்டும் என்றால் வடிக்கவே வேண்டாம், அந்த 0 டிகிரித் தண்ணீர் பாட்டிலைச் சுற்றி நின்றால்தான் சீக்கிரம் ஜில்லென்று ஆகும்.