நிற்கிற வண்டிக்குக் கூலி யார் கொடுப்பது?

ஆம்புலன்ஸ் என்றதும் சைரன் போட்டுக்கொண்டு பறக்கும் வண்டிதான் கண்ணில் வரும். செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் நிறையப் பணம் போவது அது நிற்கும் நேரத்துக்கு.

ஒரு வண்டி இரவு பகலாகத் தயாராக இருக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வண்டிக்கு இரண்டு பேர் என்றால் 17,520 மணி நேர வேலை. விடுப்பு, பயிற்சி, உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் போக ஓர் ஊழியர் ஆண்டுக்கு 1,750 மணி நேரம் வேலைக்கு வருவார் என்று வைப்போம். ஒரே ஒரு வண்டிக்குப் பத்துப் பேர் சம்பளம் ஆகிவிட்டது. ஆண்டுக்கு 400 அழைப்பு வரும் சிற்றூரிலும் அதே பத்துப் பேர், 3,000 அழைப்பு வரும் நகரத்திலும் அதே பத்துப் பேர். சிற்றூரில் ஓர் அழைப்புக்கு இரண்டு மணி நேரம் பிடித்தாலும் மொத்தம் 800 மணி நேரம்தான். மீதி 90 சதவீத நேரமும் வண்டி நிற்கிறது.

நிற்கிறது என்றால் சும்மா நிற்கவில்லை. ஷிப்டு மாறும்போது ஆக்சிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியைச் சோதிப்பார்கள். மருந்துப் பெட்டியைத் திறந்து ஊசி மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியான ஆம்பூல் ஒவ்வொன்றிலும் காலாவதித் தேதி படிப்பார்கள். ஒரு நோயாளிக்கும் போடாமலே தேதி முடிந்த அட்ரீனலின் ஆம்பூல் குப்பைக்குப் போகும், புதிது வாங்க வேண்டும். இந்தச் செலவை எந்த நோயாளியின் பில்லில் எழுதுவது? நிதி முறைகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

ட்ரிப்புக்குக் காசு

அமெரிக்காவில் பெரும்பாலும் இந்த முறை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் போன்றவை நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றால்தான் பணம் தரும். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தவருக்கு வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றி எழுப்பி உட்கார வைத்துவிட்டு வந்தால், நல்ல வைத்தியம்தான், ஆனால் வரவு பெரும்பாலும் பூஜ்யம். இதைச் சரிசெய்ய மெடிகேர் 2021-ல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. ஏற்றிச் செல்லாமல் அங்கேயே சிகிச்சை கொடுத்தாலும் பணம் உண்டு என்றார்கள். 2023 முடிவில் அதை மூடிவிட்டார்கள்.

நோயாளி பக்கம் இன்னும் மோசம். எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்கும் சட்டம் அங்கே 2022-ல் அமலுக்கு வந்தது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் அதற்குள் வந்தது, தரையில் ஓடும் ஆம்புலன்ஸ் வரவில்லை. அதிகம் பேர் ஏறுவது எதில் என்று சொல்ல வேண்டியதில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1973-ல் வந்த அவசர மருத்துவ சேவைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு நேரடியாகப் பணம் கொடுத்து வட்டார அமைப்புகளை உருவாக்கியது. 1981-ல் அந்தப் பணத்தை மாநிலங்களுக்கான பொது மானியத்தோடு கலந்துவிட்டார்கள். தனிப் பெயரில் இருந்த பணம் பொதுப் பையில் விழுந்தால், ஆம்புலன்ஸுக்கே போகும் என்ற உறுதி போய்விடும் என்பதற்கு இது நல்ல பாடம்.

சந்தா

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆண்டுச் சந்தா கட்டினால் ஆம்புலன்ஸ் பில் வராது. கட்டாதவருக்குப் பெரிய பில் வரும், சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் விருப்பச் சந்தாவில் எப்போதும் ஒரு ஓட்டை உண்டு. எனக்கு என்ன வரப்போகிறது என்று நினைக்கும் இளவட்டம் கட்டாது, சந்தா என்று ஒன்று இருப்பதே தெரியாதவரும் கட்டமாட்டார். நெஞ்சு வலிக்கிற நேரத்தில் சந்தா கட்டினோமா என்று யோசிக்க வைக்கிற எந்த முறையும் எனக்குப் பிடிப்பதில்லை. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய யாரும் இல்லையென்றால், டிஃபிப்ரிலேட்டர் வைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது.

தனி வரி

ஆஸ்திரேலியாவின் இன்னொரு மாநிலமான குயின்ஸ்லாந்திலும் முன்பு சந்தாதான். 2003-ல் அதை விட்டுவிட்டு மின்கட்டண பில்லோடு ஆம்புலன்ஸ் தீர்வையைச் சேர்த்தார்கள். கெட்டிக்கார யோசனை. வசூலுக்குத் தனி ஆள் வேண்டாம், நழுவுவதும் கடினம். குறை என்னவென்றால் இணைப்புக்கு ஒரே தொகை, மாளிகைக்கும் சின்ன வீட்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2011-ல் தீர்வையை எடுத்துவிட்டுப் பொது வருவாயிலிருந்தே கொடுக்க ஆரம்பித்தார்கள். மாநிலவாசிகளுக்குச் சேவை இலவசமாகவே தொடர்கிறது.

அமெரிக்காவில் சில வட்டாரங்கள் சொத்து வரியோடு ஆம்புலன்ஸ் வரியை மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றிக்கொள்கின்றன. இதில் எனக்குப் பிடித்தது, பணம் எதற்குப் போகிறது என்று கட்டுபவருக்குத் தெரியும், நிற்கிற வண்டிக்கும் கூலி கிடைக்கும். பிடிக்காதது, சொத்து மதிப்பு குறைந்த ஊரில் எத்தனை சதவீதம் போட்டாலும் ஒரு வண்டிக்குத் தேறாது. மருத்துவமனை தூரத்தில் இருப்பதும் பெரும்பாலும் அந்த ஊருக்குத்தான்.

பொது வரி

இங்கிலாந்தில் பொது வரிப் பணத்தில்தான் எல்லாம் நடக்கிறது, அரசு மருத்துவ சேவையின் கீழ் வரும் வட்டார ஆம்புலன்ஸ் டிரஸ்டுகள் நடத்துகின்றன. அவசரத்தில் கூப்பிட்டால் பில் வராது, நோயாளிக்கு இதைவிட நிம்மதி கிடையாது. ஆனால் பொதுப் பணம் இருந்தும் வண்டி வராத நிலையும் அங்கேதான் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அழைப்புகளுக்குச் சராசரி 18 நிமிடம் இலக்கு. 2022 டிசம்பரில் சராசரி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. ஒரு பெரிய காரணம் மருத்துவமனை வாசலில் இருந்தது. உள்ளே படுக்கை காலியில்லை, ஸ்ட்ரெச்சரை ஒப்படைக்க முடியாமல் வண்டிகள் வரிசையில் நின்றன. முதலில் சொன்னேனே நிற்கிற வண்டி, அது வேறு, இது வேறு. அது நிற்பது அடுத்தவருக்காக, இது நிற்பதால் அடுத்தவருக்கு வண்டி இல்லை. ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கினாலும் இந்த வரிசை தானாகக் குறையாது.

இன்னொரு வேடிக்கை, அதே இங்கிலாந்தில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்கள் பெரும்பாலும் நன்கொடையில்தான் பறக்கின்றன.

அப்புறம், வரியில் வந்த பணத்தை நடத்துபவரிடம் எப்படிக் கொடுப்பது என்பதும் உண்டு. இந்தியாவில் 2005-ல் ஆந்திராவில் தொடங்கிய 108 போலப் பணம் அரசுடையது, நடத்துவது வெளி அமைப்பு என்ற ஏற்பாட்டில் ஒப்பந்தத்தின் வாசகங்கள்தான் எல்லாம். கிலோமீட்டருக்குக் காசு என்றால் வண்டி தேவையில்லாமல் ஓடும். மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதினால் ஆளில்லாத வண்டியும் கணக்கில் வண்டியாகவே நிற்கும்.

என்னைக் கேட்டால், தயார்நிலைச் செலவு முழுவதையும் பெரிய அரசு பொது வரியிலிருந்து தர வேண்டும், ஏழை வட்டாரத்துக்குக் கூடுதலாக. இன்னொரு வண்டி வேண்டும் என்று நினைக்கும் ஊர் தனி வரி போட்டுக்கொள்ளட்டும். காப்பீட்டு நிறுவனம் இருந்தால் ட்ரிப் கட்டணத்தை அதனிடம் கேட்கலாம், நோயாளியிடம் கேட்கக் கூடாது. சந்தாவுக்குக் கடைசி இடம்.

உங்கள் வட்டார பட்ஜெட்டில் ஆம்புலன்ஸ் என்று ஒரு செலவுத் தலைப்பு இருந்தால் எத்தனை வண்டி என்று கேட்டு விட்டுவிடாதீர்கள். ஆளோடு தயாராக நின்ற மணி நேரம் எவ்வளவு, அதில் மருத்துவமனை வாசலில் போனது எவ்வளவு என்று இரண்டு எண்களைக் கேளுங்கள்.